என்ஜின் விடும் மூச்சு

"ரயிலே இல்லாத ஊரில் ரயில்வேக்காரருக்கு என்ன வேலை?" வண்டூரில் குடியேறிய நாளிலிருந்து நண்பர்கள் வேடிக்கையாகக் கேட்கும் கேள்வி இது. வேலை ஒன்றும் இல்லை. மகனுக்கும் மருமகளுக்கும் இங்கே உத்தியோகம். பேரனைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி விடுவதும், மாலையில் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவதும்தான் என் அலுவல். இந்தத் தீவுகளில் தண்டவாளம் இல்லையே என்பது முதல் ஆறு மாதம் எனக்குப் பெரிய குறையாகவே இருந்தது. இரவில் ஒரு ஹாரன் சத்தமாவது கேட்காமல் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள்.

சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், ரயில்வே அனுபவமாக இருந்தால் நல்லது என்று செயலாளர் கேட்டார். நான் எழுத எடுத்துக்கொண்டதோ ஒரு காரின் கதை. ஆனாலும் அவர் கேட்டதை விட்டு வெகுதூரம் போய்விடவில்லை. டீசல் ஷெட்டில் இருந்த காலத்தில் ஒரு ரயில் என்ஜினில் நான் செய்த பிழைதான், இந்தக் காரின் நோய் என்னவென்று எனக்குக் காட்டிக் கொடுத்தது. நம் குடும்பங்களில் பலரிடம் இன்று டர்போ வைத்த கார் இருக்கிறது. சிலர் அதை ஓட்டித்தான் பிழைக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி ஒரு தமிழ்க் குடும்பம். தாயும் மகனும். பூர்வீகம் இராமநாதபுரம் பக்கம். பையனுக்கு இருபத்தாறு வயதிருக்கும். வங்கிக் கடனில் ஒரு டீசல் கார் வாங்கி, சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்குவது அவன் தொழில். 1983-ல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்கான படகுகள் எங்கள் வண்டூர் துறையிலிருந்துதான் புறப்படுகின்றன. ஆகவே போர்ட் பிளேரிலிருந்து காலையில் ஆட்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, படகு திரும்பும்வரை காத்திருந்து அழைத்துப் போவான். (2024 செப்டம்பரிலிருந்து அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். என் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. மன்னிக்கவும்.)

சென்ற மழைக்காலம் முடியும் தறுவாயில், ஒரு காலை அந்த அம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, நீங்க ரயில் என்ஜினெல்லாம் பாத்தவுகளாமே. எங்க வண்டிய ஒரு எட்டு வந்து பாருங்கண்ணே. ரெண்டாவது தடவையும் டர்போ போயிருச்சுங்கிறாக."

முதல் டர்போவை மாற்றி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குத் தம் கை வளையல்கள் அடகுக்குப் போயின என்பதை அவர் சொல்லவில்லை. வெறும் கையைப் பார்த்து என் மனைவிதான் பிறகு சொன்னாள்.

போய்ப் பார்த்தேன். பையன் என்ஜினை ஓட விட்டான். கொஞ்சம் வேகம் கொடுத்ததும் பின்னால் நீலப் புகை. டீசல் சரியாக எரியாவிட்டால் கறுப்புப் புகை வரும். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. பானெட்டைத் திறந்தேன். கம்பெனி வைத்து அனுப்பிய கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, அதாவது ஏர் ஃபில்டர் உட்காரும் பெட்டி, அங்கே இல்லை. அதற்குப் பதில் சிவப்பு நிறத்தில் ஒரு கூம்பு ஃபில்டர் பெட்டி இல்லாமல் வெறுமனே மாட்டியிருந்தது.

"இது எதுக்கு தம்பி?"

"பெட்டி மூடியோட கிளிப்பு உடைஞ்சு போச்சு சார். மூடி மட்டும் கிடைக்காதாம், முழுசா சென்னையிலேர்ந்து கப்பல்ல வரணும்னாங்க. சீசன் நேரம், வண்டிய நிறுத்த முடியல. சென்னையில ஒரு சிநேகிதன் இதைப் பார்சல் போட்டான். இதைப் போட்டா பிக்கப்பும் நல்லா இருக்கும்னு சொன்னான்."

இதைக் கேட்டதும் திட்ட வந்த வாய் அடைத்துவிட்டது. நம் தீவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு சாமான் உடைந்தால் என்ன பாடு என்று. மூன்று நாள் கப்பல் பயணம் என்று பேர்தானே ஒழிய, சாமான் கப்பலேற எத்தனை நாள் ஆகும் என்பது யாருக்குத் தெரியும்? விளையாட்டுக்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இவன் வயிற்றுப்பாட்டுக்குச் செய்தான்.

என் கண் தேடியது வேறு ஒன்றை. என்ஜின் தலைமேல் டேப்பட் கவரிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் புறப்படும். அது ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாயில் போய்ச் சேர வேண்டும். இந்தக் காரில் அது எங்கும் சேரவில்லை. முனையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு குட்டி ஃபில்டர். அதன்மேல் எண்ணெய் சொட்டாமல் இருக்கப் பழந்துணி சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

அந்தத் துணிக்கட்டைப் பார்த்ததும் எனக்கு 1993 ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன், அந்த ஹோஸ் எதற்கு இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சிலிண்டருக்குள் எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. டீசல் என்ஜினில் அந்த அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றைப்போல நூறு மடங்குக்கு மேல் போகும். பிஸ்டனைச் சுற்றி ரிங்குகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொஞ்சம் வாயு அவற்றைத் தாண்டிக் கீழே, கிராங்க் கேஸுக்குள் கசியத்தான் செய்யும். புது என்ஜினுக்கும் இது உண்டு. அப்படிக் கசிந்த வாயுவும், அதிலுள்ள நீராவியும், உள்ளே தெறிக்கும் எண்ணெய்த் துளிப் புகையும் சேர்ந்து என்ஜினின் வயிற்றில் நிறையும். அதற்கு வெளியேற வழி வேண்டும். இட்லிப் பானை மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டால் ஆவி விளிம்பைச் சுற்றிச் சீறிக்கொண்டு வருமல்லவா? அதே கதைதான். வழி இல்லாவிட்டால் ஆயில் சீல், கேஸ்கெட், டிப் ஸ்டிக் குழாய் என்று எது பலவீனமோ அதன் வழியே வரும்.

பழைய காலத்தில் இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் கிடையாது. ஒரு குழாயை எடுத்துத் தரையைப் பார்க்க விட்டுவிடுவார்கள். நம் திருவொற்றியூரில் செய்த புல்லட் மோட்டார் சைக்கிளில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் வாய் வைத்திருப்பார்கள். உள்ளிருந்து வருவதை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. இரண்டாம் உலகப் போரில் ஆழமான தண்ணீரில் இறங்கும் டாங்கிகளுக்குத் திறந்த குழாய் ஒத்துவரவில்லை. அதனால் அந்தப் புகையை என்ஜினே உறிஞ்சிக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். பிறகு அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், ஊரெல்லாம் புகைமூட்டம் என்பதால் 1960-களில் புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. வயிற்றுப் புகையை வெளியே விடாதே, காற்று உள்ளே போகும் குழாயிலேயே சேர்த்து எரித்துவிடு என்பதுதான் அதன் சாரம். இன்றைய கார்களில் எல்லாம் இந்த ஏற்பாடுதான்.

இங்கேதான் ஏர் ஃபில்டரின் சங்கதி வருகிறது. ஃபில்டர் காற்றுக்குக் கொஞ்சம் தடை போடுகிறது. ஈரத் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள், தெரியும். தடை இருப்பதால் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயில், வெளிக்காற்றைவிட அழுத்தம் சற்றுக் குறைவாக இருக்கும். அந்தச் சிறு உறிஞ்சல்தான் கிராங்க் கேஸ் புகையை ஹோஸ் வழியே இழுத்துக்கொள்கிறது. என்ஜினுக்கு வேலை கூடக் கூட வயிற்றில் கசிவதும் கூடும். காற்று வேகம் கூடுவதால் உறிஞ்சலும் தானே கூடும். எவ்வளவு அழகான கணக்கு பாருங்கள்! தடை என்று நாம் நினைப்பதை வைத்தே ஒரு வேலையை முடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தடை அளவு மீறினாலும் கெடுதல்தான். ஃபில்டர் அடைத்துப்போனால் உறிஞ்சல் அதிகமாகி, புகையோடு எண்ணெயையும் சேர்த்து இழுக்கும். டர்போவின் கம்ப்ரஸர் பக்கத்திலிருந்தும் எண்ணெயை இழுக்கும். கனரக டீசல் என்ஜின்களில் ஃபில்டர் தடை 25 அங்குல நீர்மட்டத்தை, அதாவது 635 மி.மீ. அளவைத் தொட்டால் மாற்றிவிடு என்பது பொதுவாகச் சொல்லும் வரம்பு. கிராங்க் கேஸ் அளவுக்கு மீறி உறிஞ்சப்படாமல் இருக்க, பல டீசல் கார்களில் ஹோஸின் தொடக்கத்தில் ஒரு ரப்பர் சவ்வு வால்வும் வைத்திருப்பார்கள்.

கூம்பு ஃபில்டர் போட்டால் தடை குறைகிறது. உறிஞ்சலும் குறைகிறது. அதோடு போனால் பெரிய சேதமில்லை. ஆனால் புதுக் குழாயில் பழைய ஹோஸைச் சேர்க்கக் காம்பு இருக்காது. மெக்கானிக் என்ன செய்வார்? ஹோஸை அப்படியே தொங்க விட்டு, நுனியில் ஒரு குட்டி ஃபில்டரை மாட்டிவிடுவார். இப்போது உறிஞ்சுவதற்கு ஆளே இல்லை. வாயு தன் சொந்த அழுத்தத்தில்தான் வெளியே வர வேண்டும். குட்டி ஃபில்டரோ எண்ணெயில் நனைந்து, நம் ஊர் உப்புக் காற்றிலும் புழுதியிலும் சில வாரங்களில் களிமண்ணாகிவிடும். அதன்மேல் துணியும் கட்டினால் கேட்கவே வேண்டாம்.

சரி, டர்போவுக்கு என்ன வந்தது? அதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அதைத் தாங்குவது எண்ணெய்ப் படலம். மேலிருந்து பம்ப் அழுத்தத்தோடு எண்ணெய் வருகிறது. கீழே பருமனான ஒரு குழாய் வழியே தானாக வழிந்து சம்ப்புக்கு இறங்குகிறது. இறங்குவதற்குப் பம்ப் கிடையாது, புவியீர்ப்பு ஒன்றுதான். மண்ணெண்ணெய்க் கடையில் பார்த்திருப்பீர்கள். பாட்டில் வாயில் புனல் இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால் எண்ணெய் இறங்காது, புனலிலேயே நிற்கும். உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. கடைக்காரர் புனலைச் சற்றுத் தூக்கியதும் மடமடவென்று இறங்கும். கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறினால் டர்போவில் நடப்பதும் அதுதான். எண்ணெய் இறங்காமல் டர்போவின் வயிற்றிலேயே தேங்குகிறது. அங்கே இருப்பது ரப்பர் ஆயில் சீல் அல்ல. பிஸ்டன் ரிங் போன்ற சன்னமான இரும்பு வளையங்கள். தேங்கிய எண்ணெயை அவை தடுக்கா. ஒரு பக்கம் புகைபோக்கிக்கும், மறுபக்கம் என்ஜினுக்குள் போகும் காற்றுக்கும் எண்ணெய் கசியும். நீலப் புகை வரும். பார்க்கிறவர்கள் "டர்போ சீல் போச்சு" என்பார்கள். புது டர்போ மாட்டினாலும் அதே வயிறு, அதே அழுத்தம். அதுவும் கசியும்.

இனி 1993. நான் வேலை பார்த்த ஷெட்டில் அப்போது எல்லாம் டபிள்யூ.டி.எம்.-2 என்ஜின்கள். அமெரிக்க ஆல்கோ கம்பெனி வடிவமைப்பில் 1964 முதல் வாரணாசியில் செய்தவை. 16 சிலிண்டர், 2,600 குதிரைத் திறன். ஒவ்வொரு பிஸ்டனும் 9 அங்குல அகலம். வீட்டில் சோற்றுப் பானை அளவு இருக்கும். அவ்வளவு பெரிய என்ஜினின் கிராங்க் கேஸுக்குள் ஓர் ஆள் தலையையும் தோளையும் விட்டு வேலை பார்க்கலாம். அதில் வாயுவும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்தால் ஆபத்து வேறு மாதிரி. 1947 செப்டம்பரில் அயர்லாந்துக் கரையோரம் சோதனை ஓட்டத்தில் இருந்த ரெய்னா டெல் பசிபிகோ என்ற கப்பலில், ஒரு பிஸ்டன் சூடேறி, கிராங்க் கேஸ் வெடித்து 28 பேர் இறந்தார்கள். எங்கள் என்ஜின்களிலும் அதற்காகவே ஸ்பிரிங் வைத்த வெடிப்புக் கதவுகள் உண்டு. (கார் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். காரின் வயிறு சிறியது.) அந்த வாயுவை இழுத்து வெளியே தள்ள, ஆல்கோ என்ஜினில் 72 வோல்ட் டி.சி. மோட்டாரில் ஓடும் ஒரு எக்ஸாஸ்டர் விசிறி தனியாக இருக்கும்.

ஒரு என்ஜின் புகைபோக்கியில் எண்ணெய் தெளிக்கிறது என்று ஷெட்டுக்கு வந்தது. டர்போவை மாற்றச் சொன்னேன். மாற்றி அனுப்பினோம். பத்து நாளில் திரும்ப வந்தது. மறுபடி டர்போ மாற்றினோம். டர்போ பிரிவுக்காரர்களை நான் சும்மா விடவில்லை. அவர்கள் ஓவர்ஹால் செய்த லட்சணம் இதுதானா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். மூன்றாம் முறையும் வந்தபோது, ஓய்வு பெற ஆறு மாதம் இருந்த ஒரு பழைய ஃபிட்டர், மேனோமீட்டரைக் கொண்டுவந்து கிராங்க் கேஸில் மாட்டினார். உறிஞ்சல் இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தம்! எக்ஸாஸ்டரைப் பார்த்தோம், ஓடிக்கொண்டிருந்தது. சத்தமும் சரியாக இருந்தது. ஆனால் மோட்டாரை ஓவர்ஹால் செய்து மாட்டியபோது ஃபீல்டு இணைப்பை மாற்றிக் கட்டிவிட்டதால் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மோட்டார் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டவன் நான். சுற்றுகிறதா என்று பார்த்தேன், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை.

டர்போ பிரிவுக்குப் போய் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே பையனின் காரைப் பார்த்த மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. மேனோமீட்டர்தான் வேண்டும் என்று தோன்றியது. வண்டூரில் மேனோமீட்டருக்கு எங்கே போவது? பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் இரண்டு மீட்டர் வாங்கிக்கொண்டேன். அதை ஒரு பலகையில் 'ப' போல் வளைத்துக் கட்டி, பேரனின் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, துணிக்குப் போடும் சொட்டு நீலம் கலந்த தண்ணீரைப் பாதிவரை ஊற்றினேன். ஒரு முனை திறந்திருக்கும். மறுமுனை டிப் ஸ்டிக் குழாயில் இறுக்கமாக. அவ்வளவுதான், பத்து ரூபாய்க்குள் மேனோமீட்டர் தயார்.

என்ஜின் ஐடிலில் ஓடும்போதே நீலத் தண்ணீர் 45 மி.மீ. ஏறி நின்றது. 3,000 சுற்றுக்குக் கொண்டுபோனதும் 200-ஐத் தாண்டி, திறந்த முனை வழியே பீச்சி என் சட்டையெல்லாம் நீலம். அந்த அம்மாள் பதறிப்போய்த் துண்டைக் கொண்டுவந்தார். நான் சிரித்தேன். நோய் தெரிந்துவிட்டது.

துணியையும் குட்டி ஃபில்டரையும் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தோம். ஐடிலில் தண்ணீர் அசையவே இல்லை. 3,000-ல் 30 மி.மீ. ரிங்குகள் தேய்ந்திருந்தால் இவ்வளவு இறங்கியிருக்காது. ஆக, என்ஜின் ஆரோக்கியம், மூச்சுதான் அடைப்பு.

ஹோஸைத் திரும்பவும் காற்றுக் குழாயில் சேர்க்க, டவுனில் ஒரு வெல்டரிடம் கொடுத்துக் காம்பு வைத்துக்கொண்டு வந்தான். மாட்டி அளந்தால் 3,000 சுற்றில் 25 மி.மீ. அழுத்தம்! குறையவே இல்லை. கழற்றிப் பார்த்தேன். வெல்டர் காம்பின் உள்முனையைச் சாய்வாக வெட்டி, அந்த வெட்டு வாய் ஃபில்டர் பக்கம் பார்க்கும்படி வைத்துவிட்டார். காற்று நேராக அந்த வாய்க்குள் அடிக்கிறது. குழாயில் காற்று வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போனால், எதிர்த்து நிற்கும் வாயில் சுமார் 55 மி.மீ. நீர்மட்ட அழுத்தம் உண்டாகும். கணக்குப் போட்டுக் காட்டினேன். டிப்ளமோ படித்தபோது ஹைட்ராலிக்ஸில் நான் வாங்கிய மார்க்கை இங்கே சொல்ல மாட்டேன், ஆனால் இந்தக் கணக்கு மறக்கவில்லை. வெட்டு வாயை டர்போ பக்கம் திருப்பி வைத்ததும் தண்ணீர் மறுபக்கம் சாய்ந்தது. 15 மி.மீ. உறிஞ்சல். கடையில் ஆயத்தமாக விற்கும் பளபளப்பான அலுமினியக் குழாய் வாங்குகிறவர்கள், காம்பு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, அதன் துளை பழைய ஹோஸின் துளைக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இதோடு வேலை முடியவில்லை. டர்போ கசியவிட்ட எண்ணெய் எங்கே போயிருக்கும்? இன்டர்கூலரின் அடியில் தேங்கியிருக்கும். கழற்றிக் கவிழ்த்தோம். ஒரு டம்ளர் எண்ணெய் வந்தது. இதைத்தான் நான் மிகவும் பயந்தேன். மேட்டில் அழுத்தி ஓட்டும்போது இந்த எண்ணெய் மொத்தமாக உள்ளே போனால், டீசல் என்ஜின் அதையே எரிபொருளாகக் கொண்டு தலைதெறிக்கச் சுற்றும். சாவியைத் திருப்பினாலும் பல வண்டிகளில் நிற்காது. டீசல் பம்ப்பை நிறுத்தலாம், உள்ளே போய்விட்ட எண்ணெயை எப்படி நிறுத்துவது? அப்படி நேர்ந்தால் கியர் வண்டியாக இருந்தால் மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுதும் மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டு என்ஜினை அணைத்துவிட வேண்டும். முடியாவிட்டால் எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய்விட வேண்டும். காற்று வாயை அடைத்தால் நிற்கும் என்பது உண்மை. ஆனால் வெறுங்கையை அங்கே கொண்டுபோகவே கூடாது. நாலு பயணிகளோடு அந்தப் பையன் மங்லூட்டான் பக்கம் மேடேறும்போது இது நடந்திருந்தால் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்றும் சொன்னேன். கூம்பு ஃபில்டரைக் குளிர்ந்த காற்று கிடைக்கும் என்று பம்பருக்கு அருகே தாழ்வாக மாட்டியிருந்தான். வருடத்துக்கு 3,000 மி.மீ. மழை கொட்டும் இடம் இது. 2004 சுனாமிக்குப் பிறகு தென் அந்தமானில் தரையே தாழ்ந்துவிட்டது. கடல் தண்ணீர் முன்பு வராத இடங்களுக்கெல்லாம் வருகிறது. வண்டூர்க் கரையில் வேரோடு பட்டுப்போய் நிற்கும் மரங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தண்ணீருக்குள் விடும்போது அந்த ஃபில்டர் ஒரு செம்பு தண்ணீரைக் குடித்தால் போதும், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கம்பெனிக்காரன் காற்று வாயை உயரத்தில், வளைத்து வளைத்துக் கொண்டுபோய் வைத்திருப்பது இடம் இல்லாமல் அல்ல.

பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ டர்போ பெட்ரோல் கார் வைத்திருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோல் என்ஜினில் மூச்சுக்கு இரண்டு வழி. மெதுவாக ஓட்டும்போது இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சல் இருக்கும், அந்த வழியே புகை போகும். டர்போ வேலை செய்யத் தொடங்கியதும் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறும்; அங்குள்ள ஒருவழி வால்வு மூடிக்கொள்ளும். அப்போது டர்போவுக்கு முன்னால் உள்ள வழி ஒன்றுதான் கதி. காற்றுக் குழாயை மாற்றும்போது பெரும்பாலும் துண்டிக்கப்படுவது இந்த இரண்டாவது வழி. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அழுத்தி ஓட்டும் நாளில்தான் டிப் ஸ்டிக் எகிறும். காற்றை அளக்கும் மீட்டர் வைத்த கார்களில் ஹோஸைத் திறந்து விட்டால், அளக்காத காற்று உள்ளே புகுந்து கலவையும் கெடும்.

எண்ணெய் பிடிக்கும் டப்பா ஒன்றை நடுவில் வைப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அது தவறில்லை. ஆனால் உள்ளே தடுப்புத் தகடு இல்லாத வெறும் டப்பா வீண். டப்பாவிலிருந்து மறுபடி காற்றுக் குழாய்க்கே ஹோஸ் போக வேண்டும், வெளியே விடக்கூடாது. நம் ஈரக் காற்றில், சிறு தூரம் ஓடும் வண்டிகளில், அது மோர் மாதிரி வெண்மையாக நிறைந்துவிடும். மாதம் ஒருமுறை திறந்து கொட்ட முடியாதவர்கள் வைக்காமல் இருப்பதே மேல். அதுவும் நிறைந்துவிட்டால் இன்னொரு துணிக்கட்டுதான்.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனிப் பெட்டி கப்பலில் வந்து சேர்ந்தது. மாட்டிக்கொண்டு என்னிடம்தான் முதலில் வந்தான். பலகையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன். டிப் ஸ்டிக்கிலிருந்து குழாயை நீட்டி ஜன்னல் வழியே உள்ளே விட்டிருந்தோம். எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நோயாளி என்று நினைத்திருப்பார்கள். நின்றபடியே 3,000 சுற்றில் 50 மி.மீ. உறிஞ்சல் காட்டியது. மேட்டில் இன்னும் கூடியது. தண்ணீர் ஆடிய ஆட்டத்தில் சரியான எண்ணைப் படிக்க முடியவில்லை, ஆனால் ஒரு தடவைகூட அழுத்தப் பக்கம் போகவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். புகை இல்லை.

"பிக்கப்பு எப்படி தம்பி இருக்கு?" என்றேன்.

"கூம்பு போட்டதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல சார். சத்தம்தான் இல்ல."

வீட்டுக்கு வந்ததும் சாக்குப் பையில் கட்டி மூலையில் போட்டிருந்த பழைய டர்போவைக் கொண்டுவரச் சொன்னேன். முதல் முறை கழற்றியது. அச்சை விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் சிறிது அசைந்தது, அந்த அசைவு எண்ணெய்ப் படலத்துக்காக இருக்க வேண்டியதுதான். இறக்கைகள் எங்கும் உரசியிருக்கவில்லை. சுழற்றிவிட்டால் நின்று நிதானமாகச் சுற்றியது.

அவன் என் முகத்தைப் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அவன் தாயும் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"இது நல்லாத்தான் தம்பி இருக்கு. மாத்தியிருக்க வேண்டியதே இல்லை."

யாரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அந்த அம்மாள்தான், "போகுதுண்ணே, நாளைக்கு எதுக்காச்சும் ஆகும், எடுத்து வையிடா" என்றார். பையன் அதை டீசலில் கழுவித் துடைத்து, துளைகளுக்கெல்லாம் துணி அடைத்து, கிரீஸ் காகிதத்தில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறான். வளையலை மீட்க இன்னும் இரண்டு தவணை பாக்கி இருக்கிறதாம்.